கால் லிட்டருக்குப் பத்து லிட்டரா?

தங்கச்சிகளா, சாரல் பிடிக்கிறதுக்கு முன்னாடி கொத்து வேலையை முடிச்சிடணும்னு நம்ம செங்கோட்டை, புளியறைப் பக்கத்துல ஒரு கணக்கு உண்டு. சித்திரையைத் தாண்டிட்டா அப்புறம் பூசின சுவர் காயாது. அதனால இந்த வருஷம் புறவாசல்ல பாத்ரூம் எடுத்துக் கட்டுறவங்க, பழைய கக்கூஸை வெஸ்டர்னா மாத்துறவங்க எல்லாரும் இதை ஒருதரம் படிச்சிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்க. நான் சொல்லப்போற விஷயம் சின்னது: ஆம்பளைங்க இருக்கிற வீட்டுல, பாத்ரூம் சுவர்ல ஒரு யூரினல் பேசின் வைங்க. தியேட்டர்லயும் ஆபீஸ்லயும் மாட்டியிருக்காங்களே, அதேதான்.

“அதை வீட்டுலயா?”ன்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க. ஜப்பான்ல பழைய வீடுகள்ல கக்கூஸுக்குப் பக்கத்துல ஆம்பளைங்களுக்குன்னு தனி யூரினல் இருக்கிறது சாதாரண வழக்கம். நம்ம ஊர்லயும் பெரியவங்க அங்கணத்து மூலையிலயோ, தென்னை மூட்டுலயோ போயிட்டு ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டு வந்தவங்கதான். வீட்டுக்குள்ள வெஸ்டர்ன் வந்த பிறகுதான் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு டேங்க் தண்ணியைத் திறந்து விடுறோம்.

“புளியறையில தண்ணிக்கு என்ன பஞ்சம்?”

இதைத்தான் எல்லாரும் கேப்பாங்க. நியாயம்தான். ஆரியங்காவு கணவாய் வழியா மேகம் நேரே நம்ம தலைக்கு மேலதான் வந்து இறங்குது. 36 அடிக் குண்டாறு அணை சாரல் தொடங்கின கொஞ்ச நாள்லயே நிரம்பி மறுகால் பாயுது. இப்படிப்பட்ட ஊர்ல தண்ணியை மிச்சப்படுத்துன்னா சிரிப்புத்தான் வரும்.

ஆனா வீட்டுக்குள்ள வர்ற தண்ணியை மட்டும் பாக்காதீங்க, வெளிய போற தண்ணியையும் பாருங்க. புளியறையில பாதாளச் சாக்கடை கிடையாது. ஒவ்வொரு ஃபிளஷ்ஷும் செப்டிக் டேங்குக்குப் போய், அங்கிருந்து உறிஞ்சு குழிக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குப் போகணும். ஆனி, ஆடியில மண்ணு ஏற்கெனவே ஊறிக் கிடக்கு. நிறைஞ்ச குடத்துல மேலும் ஊத்துற கதைதான். குழி உறிஞ்சாது, டேங்க் மூடியோரம் கசியும், பாத்ரூம்ல தண்ணி மெல்ல இறங்கும். “டேங்க் நிறைஞ்சிடுச்சு, லாரியைக் கூப்பிடு”ன்னு வீட்டுல சத்தம் கேக்கும். பாதிக்குப் பாதி நேரம் டேங்க்ல நிறைஞ்சிருக்கிறது வெறும் ஃபிளஷ் தண்ணிதான்.

அதுவும் எப்போ? குற்றால சீசன்ல. மதுரையிலருந்து சித்தப்பா குடும்பம், கோயம்புத்தூர்லருந்து மாமா குடும்பம்னு வேன் பிடிச்சு வந்து இறங்குற அதே நாள்கள்ல. கார்த்திகை, மார்கழியில அச்சன்கோவிலுக்கும் சபரிமலைக்கும் போற சாமிமாரும் வழியில நம்ம வீட்டுல தங்குவாங்க. ஒரே ஒரு கக்கூஸ், வாசல்ல ஏழு பேரு. அந்த நேரத்துல சுவர்ல ஒரு பேசின் இருந்தா ஆம்பளைங்க கூட்டம் அப்படியே கலைஞ்சிடும். பொம்பளைப் பிள்ளைங்க அடக்கி வைச்சுக்கிட்டு நிக்க வேண்டாம். அடிக்கடி அப்படி அடக்கி வைக்கிறது சிறுநீர்த் தொற்றுக்கும் ஒரு காரணம்.

கணக்கைப் பாத்துடுவோம்

ஒருத்தர் ஒரு தடவை போறது கால் லிட்டர், மிஞ்சிப்போனா அரை லிட்டருக்குள்ள. பழைய ஃபிளஷ் டேங்க் ஒரு தடவை இழுத்தா 10 லிட்டர் போகுது. அதைவிடப் பெரிய டேங்கும் உண்டு. வீட்டுல ரெண்டு ஆம்பளைங்க, ஆளுக்கு நாலு தடவைன்னு வைங்க. ஒரு நாளைக்கு 80 லிட்டர். மாசத்துக்கு 2,400 லிட்டர். மொட்டை மாடியில இருக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க்ல ரெண்டு டேங்குக்கு மேல.

அதே ரெண்டு பேரு பேசின்ல போயிட்டு அரை லிட்டர் மக்குல ஒரு மக்கு ஊத்தினா ஒரு நாளைக்கு 4 லிட்டர். ராத்திரி படுக்கப் போறப்ப கால் வாளி ஊத்தி விட்டாலும் பத்தைத் தாண்டாது. மாசத்துக்கு 300 லிட்டர் போதும். மிச்சம் 2,000 லிட்டருக்கு மேல. அத்தனை தண்ணியும் மோட்டார் ஏத்த வேண்டாதது, செப்டிக் டேங்க் தாங்க வேண்டாதது.

இன்னொரு விதமாவும் பாருங்க. 2019-ல தொடங்கின ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு வைச்சிருக்காங்க. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாத்துக்கும் சேர்த்து. அதுல 40 லிட்டரை ஒருத்தர் ஒண்ணுக்குப் போறதுக்கே இழுத்து விட்டா மீதிக்கு என்ன செய்ய?

ஒண்ணு மட்டும் ஒளிக்காம சொல்லிடுறேன். உங்க வீட்டுல ரெண்டு பட்டன் வைச்ச புது டேங்க் இருந்து, எல்லாரும் ஒழுங்கா சின்னப் பட்டனை அழுத்தினா அது 3 லிட்டர்தான். அப்போ பேசினால வர்ற மிச்சம் மாசம் 400 லிட்டரைச் சுத்திதான் இருக்கும். தண்ணிக்காக மட்டும்னா அந்த வீட்டுக்குச் செலவு அவசியமில்லை. கூட்டத்துக்காகவும் சுத்தத்துக்காகவும்னா யோசிக்கலாம்.

1. பேசின் வாங்குறதுக்கு முன்னாடி டேங்க்கைத் திறங்க

காசில்லாத வேலை ரெண்டு இருக்கு. பழைய ஃபிளஷ் டேங்க்ல ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி நிறைச்சு, மூடியை இறுக்கி, மிதவையில முட்டாம நிறுத்துங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல்லைப் போடாதீங்க, அது கரைஞ்சு வால்வுல போய் அடைக்கும்.

ரெண்டாவது, ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு டேங்க்ல நாலு சொட்டு உஜாலா நீலம் விடுங்க. அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க. யாரும் இழுக்காமலே கோப்பையில நீலம் தெரிஞ்சா அடி வாஷர் போச்சுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம நாள் பூரா தண்ணி ஒழுகிக்கிட்டிருக்கு. அதை மாத்தாம யூரினல் வைச்சு பிரயோஜனம் இல்ல.

2. இடம் பாக்குறப்ப காத்தைப் பாருங்க

வாஸ்து சொல்றவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நமக்கு முக்கியம் காத்து. சாரல் காலம் முழுக்க காத்து மேற்கேயிருந்து கணவாய் வழியா அடிக்கும். வீட்டுக்கு மேற்குப் பக்கம் பேசினை வைச்சு, வீட்டைப் பாத்து ஜன்னலும் வைச்சா வாடை முழுக்க அடுப்படிக்குத்தான் வரும். கிழக்கு ஓரமோ வடகிழக்கு ஓரமோ நல்லது. மேல ஒரு வென்டிலேட்டர், கீழே கதவுல ஒரு இடைவெளி இருந்தா காத்து ஓடும்.

புறவாசல்ல குளிக்கிற அறை தனியா இருந்தா அங்கேயே வைக்கலாம். அகலம் ரெண்டு, ரெண்டரை அடிச் சுவர் போதும். பேசினுக்குப் பின்னாடியும் ரெண்டு பக்கமும் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுங்க. தெறிச்சது சுண்ணாம்புச் சுவர்ல ஊறினா எதைப் போட்டுக் கழுவினாலும் வாடை போகாது.

3. உயரம்: வீட்டு ஆளை நிறுத்திப் பாத்துச் சொல்லுங்க

பேசினோட முன் உதடு தரையிலருந்து ரெண்டு அடி, அதாவது 60 முதல் 65 சென்டிமீட்டர். இதுதான் பெரியவங்களுக்குப் பொதுவான அளவு. ஆறேழு வயசுப் பையன் இருந்தா ஒன்றரை அடி. ரெண்டும் வேணும்னா கீழ் உதடு இறங்கி நீளமா இருக்கிற மாடலைக் கேளுங்க. பையனுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுக்காதீங்க, ஈரத்துல வழுக்கும்.

அகலம் குறைஞ்ச பேசினை விலைக்காக வாங்காதீங்க. தெறிக்கிறது அதுலதான். முன்பக்கம் நல்லா நீட்டிக்கிட்டு, உள்ள ஆழமா இருக்கணும்.

4. பைப்பு வேலைதான் உயிர்

பிளம்பர் கிட்ட இந்த நாலையும் சொல்லுங்க.

ஒண்ணு, கழிவுக்கு பி.வி.சி. பைப் மட்டும். இரும்புக் குழாயை சிறுநீர் அரிச்சிடும்.

ரெண்டு, 50 மில்லிமீட்டருக்குக் குறையாத பைப். ஒரு மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டராவது சரிவு. தேங்கின இடத்துலதான் உப்புப் படியும்.

மூணு, வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வளைவு வர்ற இடத்துல திறந்து குத்தி விடுற மாதிரி ஒரு மூடி.

நாலு, பேசினுக்குக் கீழே பாட்டில் ட்ராப் கட்டாயம். அதுல எப்பவும் நிக்கிற கொஞ்சம் தண்ணிதான் செப்டிக் டேங்க் வாடையை மேல வராமத் தடுக்குது. கழட்டிக் கழுவுற மாதிரி இருக்கணும், சுவருக்குள்ள வைச்சுப் பூசிடக் கூடாது.

வீட்டைப் பூட்டிட்டு புனலூருக்கோ சென்னைக்கோ மாசக்கணக்குல போறவங்க, கிளம்புறப்ப ஒரு மக்கு தண்ணி ஊத்தி, அதுக்கு மேல ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுட்டுப் போங்க. எண்ணெய் மிதந்து தண்ணி வத்தாம பாத்துக்கும். திரும்பி வந்து கதவைத் திறக்கிறப்ப மூக்கைப் பொத்த வேண்டாம்.

5. தண்ணிக்கு எது?

கடையில சென்சார் வைச்சதைத்தான் முதல்ல காட்டுவாங்க. வீட்டுக்கு வேண்டாம். நம்ம ஊர்ல கரண்ட் போற லட்சணத்துக்கும், பேட்டரி மாத்துற சோம்பலுக்கும் அது சரிப்படாது. பக்கத்துல யார் போனாலும் அதுபாட்டுக்குத் தண்ணியைத் திறந்து விடும்.

கையால அமுக்குற புஷ் காக் போதும். அதுக்கு முன்னாடி ஒரு ஆங்கிள் காக் வைச்சு, அதைப் பாதி மூடி வையுங்க. அமுக்கினா வர்ற தண்ணி பாதியாக் குறையும். இதைவிட மலிவு, பக்கத்துல ஒரு வாளியும் மக்கும். வாஷிங் மெஷின்ல கடைசியா அலசின தண்ணி, காய்கறி கழுவின தண்ணி, ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ளுற தண்ணி எல்லாம் அந்த வாளிக்குப் போகட்டும். நல்ல தண்ணி ஒரு சொட்டு வேண்டாம். வாளிக்கு மூடி போடுங்க, டெங்குக் கொசு தேங்கின தண்ணியிலதான் முட்டை போடும்.

தண்ணியே வேண்டாத யூரினலும் இருக்கு. டெல்லி ஐ.ஐ.டி.யில பேராசிரியர் விஜயராகவன் சாரியார் குழு ‘ஜீரோடர்’னு ஒரு கருவி செஞ்சாங்க. ஏற்கெனவே இருக்கிற பேசினோட ஓட்டையில பொருத்துறது. சிறுநீர் கீழ இறங்கும், வாடை மேல வராது. பள்ளிக்கூடம், ஆபீஸ் மாதிரி நாள் முழுக்க ஆள் போற இடத்துக்கு அது ரொம்ப லாபம். ரெண்டு மூணு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு மக்கு தண்ணியே சுலபம்.

6. வாருகாலுக்கு விடாதீங்க

“சிறுநீர்தானே, வெளிய வாருகால்ல விட்டுடலாம்”னு கொத்தனார் சொல்லுவார். ஒத்துக்காதீங்க. நம்ம ஓடைத் தண்ணி சிற்றாத்துக்குப் போகுது, சிற்றாறு சீவலப்பேரியில தாமிரபரணியில கலக்குது. வழியில எத்தனை ஊர் குளிக்குது, குடிக்குது! செப்டிக் டேங்க்லதான் சேரணும். கிணறு இருக்கிற வீட்டுல உறிஞ்சு குழி அறுபது அடியாவது தள்ளி இருக்கட்டும். டேங்க் வென்ட் பைப்புக்கு மேல கொசுவலை கட்டுங்க. டேங்க் உண்மையிலேயே நிறைஞ்சா லாரிதான் வரணும். ஆளை உள்ள இறக்காதீங்க. 2013-ஆம் வருஷத்துச் சட்டம் அதைத் தடுக்குது, உயிரும் போகும்.

பின்னாடி வாழையும் தென்னையும் இருக்கிறவங்களுக்கு இன்னொரு வழி உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில 2006-ல ‘ஸ்கோப்’ங்கிற தொண்டு நிறுவனம் சாலியர் தெருவுல ஒரு பொதுக் கழிப்பறை கட்டுச்சு. மலம் தனி, சிறுநீர் தனியாப் பிரியும். போறவங்ககிட்ட காசு வாங்குறதுக்குப் பதிலா ஒரு தடவைக்குப் பத்துப் பைசா அவங்களுக்கே கொடுத்தாங்க, உரத்துக்குச் சரக்குக் கிடைக்குதுல்ல! அந்த நிறுவனத்தை நடத்துற மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல பத்மஸ்ரீ கிடைச்சது. நம்ம உடம்புலருந்து போற தழைச்சத்துல பெரும்பங்கு சிறுநீர்லதான் இருக்கு. யூரியா மூட்டையில இருக்கிற அதே யூரியாதான்.

வீட்டுல செய்யணும்னா பேசின் பைப்பை மூடியுள்ள பிளாஸ்டிக் கேன்ல விடுங்க. அப்போ பேசின்ல தண்ணி கொஞ்சமா ஊத்துங்க, இல்லைன்னா கேன் சீக்கிரம் நிறையும். சேர்ந்ததோட பத்து பங்கு தண்ணி கலந்து, மரத்து மூட்டுல சின்னக் குழி வெட்டி ஊத்தி, மண்ணைத் தள்ளி மூடிடுங்க. இலையில படக் கூடாது, கருகும். கீரைக்கும் பச்சையாத் திங்கிற காய்க்கும் வேண்டாம். காய் பறிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நிறுத்திடுங்க. சாரல் கொட்டுற நாள்ல ஊத்தாதீங்க, மரத்துக்குச் சேராம அடிச்சிட்டுப் போயிடும்.

7. வாடை வராம இருக்க

புதுச் சிறுநீருக்கு அவ்வளவா வாடை கிடையாது. தேங்கி நிக்கிறப்ப கிருமி அதை அமோனியாவா மாத்துது, அதுதான் மூக்கைத் துளைக்குது. போர் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பும் சேர்ந்து மஞ்சளா உப்பு படியும். அதனால வாரத்துல ஒருநாள் ராத்திரி ரெண்டு ஸ்பூன் லெமன் சால்ட்டை ஒரு மக்கு வெந்நீர்ல கரைச்சு ஊத்தி, காலையில பிரஷ்ஷால தேய்ச்சு விடுங்க. புளிச்ச மோரை வீணாக் கொட்டாம அதையும் ஊத்தலாம்னு சிலர் சொல்லுவாங்க. வேண்டாம், அது வேற வாடைக்கு வழி பண்ணும்.

பிளீச்சிங் பவுடர் இங்க கூடவே கூடாது. அமோனியாவோட சேர்ந்தா மூச்சை அடைக்கிற வாயு வரும். ஆசிட்டோட சேர்ந்தா அதைவிட மோசம். நாப்தலீன் உருண்டையும் வேண்டாம். வாடையை மறைக்குமே தவிர போக்காது. சின்னக் குழந்தை இருந்தா மிட்டாய்னு வாயில போட்டுக்கும். ஓட்டை மேல ஒரு சல்லடை மூடி வைங்க, பீடித் துண்டும் பாக்குத் தோலும் பைப்புக்குள்ள போகாது.

8. எல்லா வீட்டுக்கும் ஒரே பேசின் ஆகாது

வடகரை, கடையநல்லூர்ப் பக்கம் நம்ம முஸ்லிம் சகோதரிகள் வீட்டுல ஆம்பளைங்க உட்கார்ந்துதான் போவாங்க, தண்ணியால கழுவுவாங்க. அங்க சுவர் பேசின் வேண்டாம். தரையோட பதிக்கிற சின்ன யூரினல் தட்டும், கைக்கு எட்டுற உயரத்துல ஒரு குழாயும் சரியா இருக்கும். தண்ணி மிச்சம் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

வயசான மாமனார் இருந்தா பக்கத்துச் சுவர்ல உறுதியா ஒரு கைப்பிடிக் கம்பி, ராத்திரி எரியுற சின்ன பல்பு, சொரசொரப்பான தரை டைல்ஸ். சாரல் நேரத்துல பாசி பிடிச்ச புறவாசல்ல நடுராத்திரி நடந்து போறதும் பெரியவங்க விழறதுக்கு ஒரு காரணம். அவருக்கு மட்டும் பேசினைப் படுக்கை அறையை ஒட்டின பாத்ரூம்ல வைங்க. ராத்திரி அடிக்கடி எழுந்திரிக்கிறார், போறதுக்குச் சிரமப்படுறார்னா வயசுன்னு விட்டுடாம டாக்டர்கிட்ட காட்டுங்க.

9. நமக்கும் ஏதாவது வேணும்ல?

ஆம்பளைங்களுக்குப் பேசின் வாங்குற கையோட, பொம்பளைங்க பக்கத்தையும் முடிச்சிடுங்க. சின்னதுக்கு நமக்கு வெஸ்டர்னைவிட இந்தியன் கோப்பைதான் சிக்கனம். கிராமத்துக்குன்னு வர்ற, சரிவு அதிகமான கோப்பைக்கு ஒன்றரை, ரெண்டு லிட்டர் ஊத்தினாலே போயிடும். வெஸ்டர்ன்தான் வேணும்னா ரெண்டு பட்டன் டேங்க் வாங்குங்க. கூடவே சேலை, நைட்டி மாட்ட ஒரு கொக்கி, நாப்கின் போட மூடியுள்ள ஒரு டப்பா, எட்டுற இடத்துல ஹேண்ட் ஷவர். கொக்கி, டப்பா, ஷவர் மூணுக்கும் பெருசா செலவாகாது.

10. கடைசியா, கழுவுறது யாரு?

இதை முதல் நாளே பேசி முடிச்சிடுங்க. வெஸ்டர்ன் சீட்டை நனைச்சிட்டுப் போறதும், அதைத் துடைக்கிறது நம்ம வேலையாகிறதும்தான் இத்தனை வருஷக் கதை. சுவர்ல பேசின் வந்தா அந்தத் தொல்லை பாதி குறையும். மீதியும் நம்ம தலையில விழுந்துடக் கூடாது. வாரத்துல ஒருநாள் லெமன் சால்ட் ஊத்தித் தேய்க்கிறது வீட்டுக்காரர் முறை, அடுத்த வாரம் பையன் முறை. எங்க வீட்டுல உங்க அத்தான் ஞாயித்துக்கிழமை கறி வாங்கப் போறதுக்கு முன்னாடி அதை முடிச்சாகணும். பத்து வயசுப் பையனுக்கும் இது வரும். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நாளைக்கு இன்னொரு வீட்டுல அவன் கூட வாழப்போற பிள்ளை உங்களை வாழ்த்தும்.

பேசின் வாங்கக் கடைக்குப் போறப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. எந்த மாடல் கழுவச் சுலபம்னு அவங்களே குனிஞ்சு பாத்து எடுக்கட்டும்.